பிரியாணி மார்க்கமல்ல, பித்ரா மார்க்கம்

(நோன்புப் பெருநாளை முன்னிட்டு மஹல்லா இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

 

சில நாட்களுக்கு முன் ஓர் ஊரில் தராவீஹ் முடிந்து இளைஞர்களோடு உட்கார்ந்திருந்தேன். பெருநாள் ஏற்பாடுகளைப் பற்றிப் பேச்சு ஓடியது. அப்போது ஒரு தம்பி கேட்டார்: "ஹஜ்ரத், பெருநாளுக்கு வீட்டில் பிரியாணி ஆக்குவது சுன்னத்தா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்து விட்டார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு தனியே வந்து சொன்னார்: "அத்தா கறி வாங்க மூவாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறார் ஹஜ்ரத். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், அத்தா வேலை செய்கிற கடை முதலாளிக்கும் வருஷா வருஷம் கொடுத்துப் பழகி விட்டோம். இந்த வருஷம் கொடுக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா பயப்படுகிறார்."

முப்பது நாள் நோன்பு நோற்று, அல்லாஹ் ஹராமாக்கிய வட்டியில் போய் விழுந்து, அதில் பெருநாள் சமையல்! அந்தத் தம்பியிடம் அன்று இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. மீதியை உங்களிடம் சொல்கிறேன். ஏனென்றால் இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. உங்கள் மஹல்லாவில் வட்டிக் கடைக்காரரின் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ரமளான் கடைசி வாரத்தில் எத்தனை நம் பெயர்கள் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சுன்னத் எது என்று கேட்டால் பதில் சுருக்கமானது. நோன்புப் பெருநாள் அன்று நபி (ஸல்) அவர்கள் சில பேரீச்சம் பழங்களைச் சாப்பிடாமல் தொழுகைக்குப் புறப்பட மாட்டார்கள், அதையும் ஒற்றைப்படையாகச் சாப்பிடுவார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் தொழுது திரும்பும் வரை எதையும் உண்ண மாட்டார்கள் என்பது திர்மிதியில் இருக்கிறது. பிரியாணி, நெய்ச்சோறு, சேமியா எதற்கும் ஹதீஸ் கிடையாது.

அப்படியானால் இவையெல்லாம் கூடாதவையா? சில தம்பிகள் உடனே அந்தப் பக்கம் ஓடி விடுகிறார்கள். வேண்டாம். இன்னொரு ஹதீஸையும் கேளுங்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஒரு நாள் உடும்புக் கறி பொரித்து வைக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக் கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அது ஹராமா என்று கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தாரின் பூமியில் அது கிடையாது, அதனால் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். காலித் (ரலி) தட்டைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள். நபியவர்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. ஒரே பாயில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் உண்ணுகிறார், ஒருவர் ஒதுங்குகிறார். ஊர் வழக்கம், நாக்கின் பழக்கம் என்று ஒன்று உண்டு என்பதை மார்க்கம் ஒப்புக் கொண்டு விட்டது.

மண்ணுக்கு ஒரு பெருநாள் சோறு

உலகில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடு இந்தோனேசியா. அங்கே நோன்புப் பெருநாளை லெபாரான் என்பார்கள். பிரியாணி என்றால் அந்த ஊர்க் கிராமத்து முஸ்லிமுக்குத் தெரியாது. அவர் வீட்டில் தொங்குவது கெத்துப்பாட். தென்னங்குருத்தைக் கீறிச் சின்னப் பெட்டி போல முடைவார்கள். அதற்குள் பாதியளவு அரிசியைப் போட்டு மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். அரிசி வெந்து பெருகி, பெட்டிக்குள் இறுகிக் கட்டியாகி விடும். அதை வெட்டி வைத்து, தேங்காய்ப்பாலில் வெந்த கோழி ஆணத்தை ஊற்றிச் சாப்பிடுவார்கள். தென்னையும் நெல்லும் விளையும் பூமி, அதில் வந்த பெருநாள் சோறு. அதே நாட்டில் சுமத்ரா தீவின் மேற்கே மினாங்கபாவ் என்ற சமூகத்தார் ரெண்டாங் செய்வார்கள். மாட்டுக் கறியைத் தேங்காய்ப்பாலிலும் மசாலாவிலும் போட்டு, பால் வற்றி எண்ணெய் பிரிந்து, கறி கறுத்துப் போகும் வரை கிளறுவார்கள். பல நாள் கெடாது. மினாங்கபாவ் ஆண்கள் ஊரை விட்டு ஊர் போய் வியாபாரம் செய்வதையே வழக்கமாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு இது கட்டுச் சோறு.

கொழும்புக்கும் மலாயாவுக்கும் கடை வைக்கப் போன நம் பாட்டனார்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. போனவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. கீழக்கரைத் தொதலைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துப் பெரிய சட்டியில் கை ஓயக் கிளறுவது. இதே பண்டம் ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் பெருநாளுக்குச் செய்யப்படுகிறது. அங்கே அதன் பெயர் 'டோடோல்'. இலங்கையிலும் தொதல்தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஆக்குகிற வட்லாப்பத்தை இலங்கை முஸ்லிம்கள் வட்டலப்பம் என்பார்கள். கித்துள் வெல்லம், தேங்காய்ப்பால், முட்டை, ஏலம் சேர்த்து ஆவியில் வேக வைப்பது. டச்சுக்காரர்கள் காலத்தில் இலங்கைக்குக் கொண்டு வரப்பட்ட மலாய்க்காரர்களிடமிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஆக, உம்மாமார்கள் "இது நம்ம ஊர்ப் பண்டம்" என்று பெருமையாகச் சொல்வதில் பாதி கடல் கடந்து வந்தது! நாலு ஊர் பார்த்த வணிகச் சமுதாயத்தின் சட்டியில் நாலு ஊர் வாசனை வரத்தான் செய்யும்.

வடக்கே போனால் நிலம் மாறுகிறது, சட்டியும் மாறுகிறது. ஹைதராபாதிலும், நம் ஆம்பூர், வாணியம்பாடி உருது பேசும் வீடுகளிலும் பெருநாள் காலையில் ஷீர் குர்மா இருக்கும். ஷீர் என்றால் பார்சியில் பால், குர்மா என்றால் பேரீச்சம் பழம். பெயரில் சேமியாவே இல்லை, கவனியுங்கள். நபியவர்கள் உண்ட பேரீச்சையை, அது விளையாத நாட்டில், பாலில் ஊற வைத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஹைதராபாதின் ஹலீமுக்கு 2010 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதன் மூலம் அரபு நாட்டின் ஹரீஸ். கோதுமையையும் கறியையும் ஒன்றாகக் குழைய வேக வைப்பது. நிஜாமின் படையில் சேர வந்த அரபிகள் அதைத் தக்காணத்துக்குக் கொண்டு வந்தார்கள். மலபார் கரையில் அதே உணவு அலீசா என்று பெயர் மாறி மாப்பிளா முஸ்லிம்களின் விருந்தில் நிற்கிறது.

சீனத்தில் ஹுய் முஸ்லிம்கள் பெருநாளுக்குக் கோதுமை மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கிறார்கள். 'யோ ஷியாங்' என்று அதற்குப் பெயர். துருக்கியில் நோன்புப் பெருநாளுக்கே இனிப்புப் பெருநாள் என்று ஒரு பெயர் உண்டு. அங்கே முஹர்ரம் பத்தில் கோதுமை, கொண்டைக் கடலை, பயறு, உலர்ந்த பழங்கள் எல்லாம் ஒரே அண்டாவில் போட்டு அஷுரே என்ற பாயசம் காய்ச்சி வீடு வீடாக அனுப்புவார்கள். (முஹர்ரம் பத்தில் சமைக்கலாமா கூடாதா என்று இப்போது யாரும் கையை உயர்த்த வேண்டாம். அந்த விவாதத்தை வேறொரு நாள் வைத்துக் கொள்வோம்!)

எகிப்தில் நெய்யும் மாவும் பிசைந்து அச்சில் வைத்துச் சுடும் கஹ்க் என்ற பிஸ்கட் இல்லாமல் நோன்புப் பெருநாள் இல்லை. அந்த நாட்டை 969 முதல் 1171 வரை ஆண்ட ஃபாத்திமிகள், பெருநாள் பண்டங்கள் செய்து மக்களுக்கு விநியோகிப்பதற்கென்றே ஒரு கூடம் வைத்திருந்தார்கள். அதன் பெயர் தாருல் ஃபித்ரா. அவர்களுடைய கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லை, அது ஒருபுறம் இருக்கட்டும். அரசாங்கமே அடுப்பு மூட்டி, பெருநாள் பண்டம் மக்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்ததே, அதைப் பாருங்கள்.

கஹ்கின் பங்காளிதான் மஅமூல். ரவையில் செய்து, உள்ளே பேரீச்சை விழுதை வைத்துச் சுடுவார்கள். சிரியா, லெபனான், பலஸ்தீன் வீடுகளில் பெருநாளுக்கு முந்திய இரவுகளில் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து செய்வது. காஸாவைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. 2025 மார்ச் 2 ஆம் தேதி முதல் காஸாவுக்குள் உணவு லாரிகள் போகாமல் இஸ்ரேல் தடுத்தது. மார்ச் 30 அங்கே நோன்புப் பெருநாள். மறுநாளோடு, உலக உணவுத் திட்டத்தின் ஆதரவில் நடந்து வந்த 25 ரொட்டிக் கூடங்களும் மாவும் எரிபொருளும் இல்லாமல் மூடப்பட்டு விட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த உணவு ஆய்வுக் குழுவே அறிவித்தது. பெருநாள் பண்டத்துக்குப் பேர்போன ஒரு மக்களுக்குப் பெருநாள் அன்று ரொட்டிக்கே மாவு இல்லை. நாம் அன்று எத்தனை அண்டா இறக்கினோம்?

ஒரு ஸாஉ

இத்தனை நாட்டையும் சுற்றி விட்டு வந்தால் பொதுவாக ஒரு சமையலும் அகப்படவில்லை. பொதுவாக இருப்பது ஓர் அளவு. அதுதான் ஸாஉ. நடுத்தரமான ஒரு மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் ஒரு முத், நான்கு முத் ஒரு ஸாஉ. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பேரீச்சை, வாற்கோதுமை, உலர்ந்த திராட்சை, பாலாடைக் கட்டி ஆகியவற்றிலிருந்து தலைக்கு ஒரு ஸாஉ பித்ராவாகக் கொடுத்து வந்ததை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். அவை மதீனாவின் உணவுகள். ஊரில் பெரும்பாலோர் எதை உண்கிறார்களோ அதிலிருந்து கொடு என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் சட்டம் வந்தது. மீனும் பாலும்தான் ஒரு கூட்டத்தாரின் உணவு என்றால் அதையே கொடுக்கலாம் என்ற அளவுக்கு இப்னுல் கய்யிம் (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். நம் ஹனஃபி மத்ஹபில் கிரயமாகவும் கொடுக்கலாம். ஜாவாக்காரர் அரிசி கொடுக்கிறார், எகிப்துக்காரர் கோதுமை கொடுக்கிறார், நாமும் அரிசி கொடுக்கிறோம். எதை உண்பது என்பதை மண்ணிடம் விட்ட மார்க்கம், எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதைத் தன் கையில் வைத்துக் கொண்டது.

எப்போது? மக்கள் தொழுகைக்குப் புறப்படும் முன். தொழுகைக்கு முன் கொடுத்தால் அது பித்ரா, பிறகு கொடுத்தால் மற்றத் தர்மங்களைப் போல் ஒரு தர்மம் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. இந்த நேரக் கணக்கு ஏன் என்பது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, ஒரு வீட்டு வாசலில் புரிந்தது.

பல வருடங்களுக்கு முன், நான் பொறுப்பில் இருந்த ஊரில் நடந்தது. பிறை பார்த்த இரவு எங்கள் இளைஞர்கள் விடிய விடிய வேலை செய்தார்கள். ஈத்கா திடலுக்குப் பந்தல், சீரியல் விளக்கு, வாழ்த்துத் தட்டி, தொழுது வருகிறவர்களுக்குக் கொடுக்க ஐந்து தேக்சா பிரியாணி. பித்ரா அரிசி மூட்டைகள் அலுவலகத்தில் கிடந்தன. சுபுஹுக்குப் பிறகு கொடுக்கலாம் என்றார்கள், சுபுஹுக்குப் பிறகு பந்தல் சரிந்தது. கடைசியில் தொழுகை, குத்பா எல்லாம் முடிந்து பதினொரு மணிக்கு ஒரு சைக்கிளில் பையை வைத்துக் கொண்டு நானே போனேன். கணவர் இறந்து போன ஒரு தாய், மூன்று பிள்ளைகள். முந்தின நாள் நோன்புக் கஞ்சியில் மிச்சம் வைத்திருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தொழுகைக்கு அனுப்பியிருந்தார். அரிசியை வாங்கிக் கொண்டு, "பெருநாள்தான் போயிடுச்சே ஹஜ்ரத், நாளைக்கு ஆக்கிக்கிறேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அன்று குத்பாவில் பித்ராவின் சிறப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசியவன் நான்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்குக் கணக்குப் பிடிக்கும். ஐந்நூறு வீடு உள்ள ஒரு மஹல்லாவை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 2500 தலை. அதில் பாதிப் பேருக்குத்தான் பித்ரா கொடுக்கும் சக்தி இருக்கிறது என்று வையுங்கள், 1250. தலைக்கு இரண்டரைக் கிலோ என்று குறைத்தே போட்டாலும் 3125 கிலோ. மூன்று டன் அரிசிக்கு மேல் ஒரே இரவில் ஒரு சின்ன ஊருக்குள் கை மாற வேண்டும். அது ஒழுங்காக நடந்தால் அந்த ஊரில் பெருநாள் அன்று எந்த அடுப்பு எரியாமல் இருக்கும்? இவ்வளவு பெரிய ஏற்பாட்டை நாம் நாலு பேர், ஒரு சைக்கிள், ஒரு பழைய நோட்டை வைத்து நடத்திக் கொண்டிருக்கிறோம். உங்களில் மொத்த வியாபாரிகள் இருக்கிறீர்கள். தராசு உங்களிடம் இருக்கிறது, வேன் உங்களிடம் இருக்கிறது, மூட்டை தூக்க ஆள் இருக்கிறது. ஒரு நாள் கொடுங்கள்.

எந்த அரிசி என்பதையும் கேட்டு விடுகிறேன். பிரியாணிக்குச் சீரகச் சம்பா வாங்குகிறோம். கடையில் நின்று முகர்ந்து பார்த்து வாங்குகிறோம். பித்ராவுக்கு? கல்லும் புழுவும் இல்லாமல் இருந்தால் சரி என்கிறோம். உனக்கு ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக் கொண்டுதான் வாங்குவாய், அப்படிப்பட்ட மட்டமான பொருளைத் தேடிப் பிடித்துக் கொடுக்காதே என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயம் 267 ஆம் வசனம் எச்சரிக்கிறது. நீங்கள் வீட்டில் தினமும் சாப்பிடும் அரிசியையே கொடுங்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆடு இல்லாத பெருநாள்

ஹஜ்ஜுப் பெருநாளைப் பற்றியும் சிறிது. மொரோக்கோ நாட்டில் குர்பானி கொடுத்ததும் முதலில் ஈரலைச் சுட்டு, கொழுப்புச் சவ்வில் சுற்றிக் கம்பியில் கோத்து மறுபடியும் சுடுவார்கள். பூல்ஃபாஃப் என்று பெயர். அதன் புகை எழுந்தால்தான் பெருநாள் வந்ததாக அங்கே அர்த்தம். அந்த நாட்டில் 2025 பிப்ரவரியில் அரசர் ஆறாம் முஹம்மது, அந்த ஆண்டு மக்கள் குர்பானி கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். தொடர் வறட்சியால் கால்நடைகள் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததை விட 38 சதவீதம் குறைந்து, ஆட்டு விலை ஏழை நெருங்க முடியாதபடி ஏறி விட்டது. மக்கள் சார்பாகத் தாமே கொடுப்பதாக அறிவித்தார். 1996 இல் அவருடைய தந்தை இரண்டாம் ஹஸனும் இதே போல் செய்தவர்தான். மாலிகி மத்ஹபில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத். நம் ஹனஃபி மத்ஹபில் வசதியுள்ளவர் மீது வாஜிப். ஆகவே அந்த முடிவை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கியாவது ஆடு வாங்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மானம் போச்சு என்று நினைக்கிற ஏழைக்கு அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். வசதி இல்லாதவர் மீது எந்த மத்ஹபிலும் கடமை இல்லை.

வசதி உள்ளவருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு வருடம் குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்துக் கொள்ளக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மறு வருடம் அனுமதித்தார்கள். அந்த வருடம் கிராமத்து ஏழைகள் மதீனாவுக்கு வந்திருந்தார்கள், அவர்களுக்காகத்தான் தடுத்தேன், இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மமும் செய்யுங்கள் என்ற விளக்கத்தை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஊரில் பசி இருக்கும்போது சட்டம் இறுகுகிறது. இன்று வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. முஹர்ரம் பிறந்து ஆஷூரா வரும்போதும் துல்ஹஜ் கறி அதற்குள் கல்லாகிக் கிடக்கிறது! பக்கத்துத் தெருவில் யார் வீட்டுக்குக் கறி போகவில்லை என்று தெரியாமலேயே நாம் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்துகிறோம்.

இனி, கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு வருகிறேன். அவருடைய அம்மாவின் பயம் நியாயமானது. "பாய், பிரியாணி எங்கே?" என்று மாற்றுமத நண்பர்கள் உரிமையோடு கேட்கிறார்கள். அந்த உரிமை நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆப்பிரிக்காவில் செனகல் என்ற நாடு. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் முஸ்லிம்கள். அப்படிப்பட்ட நாட்டுக்கு முதல் ஜனாதிபதி லியோபோல்ட் செங்கோர், கத்தோலிக்கர், 1960 முதல் 1980 வரை இருபது ஆண்டுகள் பதவியில் இருந்தார். அங்கே ஹஜ்ஜுப் பெருநாளை தபாஸ்கி என்பார்கள். அன்று முஸ்லிம்கள் கிறித்தவ வீடுகளுக்குக் கறி அனுப்புகிறார்கள். பெரிய வெள்ளி வந்தால் கிறித்தவர்கள் கம்பும் வேர்க்கடலையும் பெருக்கமரக் கனியும் சேர்த்து இங்கலாக் என்ற பாயசம் செய்து முஸ்லிம் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அதில் கறி கிடையாது, பெரிய செலவும் கிடையாது. அதற்காக முஸ்லிம் வீட்டில் பாத்திரத்தோடு காத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி வீட்டுக்குப் பிரியாணிதான் போக வேண்டும் என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. ஒரு தூக்கில் சேமியாப் பாயசம் போகட்டும். கறி உண்ணாத வீட்டார் அதைத்தான் மனம் விட்டு வாங்குவார்கள். (வட்லாப்பம் அனுப்புவதானால் முட்டை இருக்கிறது என்று முதலில் சொல்லி விடுங்கள்.) அந்தத் தம்பியின் அத்தாவுக்கு இதைச் சொல்லி, வட்டிப் பணத்தைப் பெருநாளுக்கு முன்பே திருப்பிக் கட்டச் செய்தோம். ஒரு வாரத்துக்கான வட்டி போனது போனதுதான்.

முதலாளிமார்களிடம் இன்னும் இரண்டு கோரிக்கைகள். ரமளான் பிறந்ததும் நெய்க்கும் சேமியாவுக்கும் முந்திரிக்கும் விலையை ஏற்றி விட்டு, கடைசிப் பத்தில் அந்த லாபத்தில் இஃப்தார் கொடுக்கிறோம். பதுக்கி வைத்து விற்பவன் பாவி என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. இஃப்தாரே கொடுக்க வேண்டாம், விலையை ஏற்றாதீர்கள், அதுவே ஊருக்கெல்லாம் கொடுத்த மாதிரி. அடுத்து, பிறை பார்த்த இரவு துணிக் கடையிலும் தையல் கடையிலும் இரண்டு மணி, மூன்று மணி வரை நிற்கும் கடைப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் வீட்டிலும் பெருநாள். அவன் எப்போது இறைச்சிக் கடையில் வரிசையில் நிற்பான், எப்போது உம்மாவுக்கு சாமான் வாங்கிக் கொடுப்பான்? முஸ்லிம் பையனையாவது இஷாவோடு அனுப்பி விடுங்கள். கல்லாவில் நீங்கள் உட்காருங்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஈத்கா திடலில் கடைசி ஸஃப்பைத் திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? திருப்பூர் பனியன் கம்பெனிகளில், சென்னை ஓட்டல்களில், கட்டட வேலைகளில் மேற்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த முஸ்லிம் வாலிபர்கள் நிற்கிறார்கள். தக்பீர் நம்மோடு சொல்கிறார்கள், ஸலாம் கொடுத்ததும் போய் விடுகிறார்கள். நாம் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவுகிறோம், அவர்களைத் தழுவ ஆளில்லை. போன வருடம் ஒரு பையனை நிறுத்தி, எனக்குத் தெரிந்த உருதுவில் எங்கே சாப்பாடு என்று கேட்டேன். அறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள், கேஸ் தீர்ந்து விட்டது, ஓட்டலில் பரோட்டா சாப்பிடுவோம் என்றான். உன் ஊரில் இன்று என்ன செய்வார்கள் என்றேன். முகம் மாறி விட்டது. லாச்சா சேமை என்றான். மெல்லிய நூல் நூலான சேமியாவை நெய்யில் பொரித்துப் பாலில் போடுவது, அவன் அம்மா செய்வாராம். பத்துப் பேரையும் கூட்டி வரச் சொன்னேன். என் வீட்டில் லாச்சா சேமை இல்லை, நெய்ச்சோறும் தால்சாவும் இருந்தது. ஒரு சஹனில் நாலு நாலு பேராக உட்கார்ந்தார்கள். தால்சாவில் மாங்காய் எதற்கு என்று கேட்டு அவர்களுக்குள் சிரித்துக் கொண்டார்கள். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இந்த வருடம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர்கள் இரண்டு பட்டியல் எழுத வேண்டும். ஒன்று, பித்ரா போக வேண்டிய வீடுகள். கேட்டு வருகிறவர்களை மட்டும் எழுதாதீர்கள், கேட்காமல் கதவைச் சாத்திக் கொண்டிருப்பவர்களை அண்டை வீட்டுப் பெண்களிடம் விசாரித்து எழுதுங்கள். இரண்டாவது, ஊரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், எந்த அறையில் எத்தனை பேர், எந்த வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு. இருபத்தைந்தாம் நோன்புக்குள் இரண்டு பட்டியலும் முடிந்திருக்க வேண்டும். அரிசியை இருபத்தேழுக்குள் எடை போட்டுப் பையில் கட்டி விடலாம், முன்கூட்டியே கொடுப்பதற்கும் மத்ஹபில் இடம் இருக்கிறது. பிறை தெரிந்த இரவு பன்னிரண்டு மணிக்குள் கடைசிப் பையும் போய்ச் சேர்ந்த பிறகு பந்தல் வேலையைத் தொடங்குங்கள். வேன் தர முடிந்த வியாபாரிகள் தங்கள் பெயரைப் பள்ளிவாசல் முத்தவல்லியிடம் தராவீஹுக்குப் பின் கொடுத்து விடவும்.

வஸ்ஸலாம்.